அங்கே என்ன சாப்பிட்டே?

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 10 வயது. அவள் அப்பா நாலு வருடமாகச் சென்னையில் இருக்கிறார். எங்களுக்குள் கோர்ட்டில் முடிந்துவிட்டது. கோடை விடுமுறையில் பாதி நாள் பிள்ளை அப்பாவிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. போன வருடம் என் தம்பி கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவந்தான். அவன் இப்போது சவுதி போய்விட்டான். கடையைப் போட்டுவிட்டு என்னால் போக முடியாது, அந்த மனிதர் முகத்தில் விழிக்கவும் விருப்பமில்லை. மகள் "நானே போய்க்கிறேன், ஏத்தி மட்டும் விடும்மா" என்கிறாள். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம் இதே பேச்சு. ரயிலில் தனியாக அனுப்பலாமா? போன் கொடுத்து விடலாமா? அவர் வீட்டில் இப்போது வேறொரு பெண்ணும் இருக்கிறாராம். பிள்ளை மனசு கெட்டுவிடாதா? இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. போன வருடம் வந்து இறங்கியதுமே "அங்க எனக்குப் பிடிக்கவே இல்லை" என்று சொன்னவள், இப்போது எதற்கு இப்படி அடம்பிடிக்கிறாள்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். எட்டு வயது இருக்கும். எங்கேயோ போய்விட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். முதுகில் பை அப்படியே இருந்தது. அம்மாவும் பாட்டியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அங்க யாரு யாரு இருந்தா? என்ன வாங்கிக் குடுத்தாரு? எங்களப் பத்தி எதுவும் சொன்னாரா?" பையன் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் அம்மா முகத்தைப் பார்த்தான், அப்புறம்தான் பதில் சொன்னான். டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 10 வயதுப் பெண்ணை ராத்திரி ரயிலில் தன்னந்தனியாக ஏற்றிவிடாதீர்கள். அவளுக்குத் துணிச்சல் இருக்கிறது, சரி. ஆனால் தனியாக வரும் பிள்ளையைக் கண்டால் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் விசாரிப்பார்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையோ என்று இறக்கி, குழந்தைகள் உதவி மையத்தில் ஒப்படைக்கவும் செய்வார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. உங்கள் ஊரிலிருந்து விடுமுறைக்குச் சென்னை போகிற குடும்பம் ஒன்றாவது இருக்கும். அவர்கள் போகும் நாளில், அவர்கள் பெட்டியிலேயே டிக்கெட் போடுங்கள். 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை தரமாட்டார்கள், முழுக் கட்டணம் கட்டுங்கள். உங்கள் எண்ணும் அவள் அப்பா எண்ணும் ஒரு தாளில் எழுதி அவள் பையில் இருக்கட்டும். ரயில்வே உதவி எண் 139, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் அவளுக்கு மனப்பாடம் ஆகட்டும். கையில் பணம் இருந்தால் மதுரையிலிருந்து விமானம் இருக்கிறது. தனியாக வரும் பிள்ளைகளை ஊழியரே கூட்டிப்போய், நீங்கள் பெயர் எழுதிக் கொடுத்த ஆளிடம் அடையாள அட்டையைப் பார்த்து ஒப்படைக்கும் ஏற்பாட்டை விமான நிறுவனங்கள் சில வைத்திருக்கின்றன. முன்கூட்டியே கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

போன் கொடுங்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த வீட்டில் வேறொரு பெண் இருப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் வலி. எனக்குப் புரிகிறது. அதைப் பிள்ளையின் மனசு என்று பெயர் மாற்றி எழுதாதீர்கள்.

உங்கள் பயம் நம்ம ஊர்ப் பயமும்கூட. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. நான் அதற்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவன். ஆனாலும் பாலத்தில் ரயில் ஏறும்போது எங்கள் அம்மாச்சி பேச்சை நிறுத்திவிடுவார். மண்டபம் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து 1977 மே மாதம், 10 வயதில், நான் அப்பாவைப் பார்க்கத் தனியாக மெட்ராஸ் போனேன்.

அப்பா விசைப்படகு என்ஜின் மெக்கானிக். மண்டபத்தில் வேலை செய்தார். அம்மாவோடு ஒத்துவராமல் காசிமேட்டுக்குப் போய்விட்டார். கோர்ட், உத்தரவு எல்லாம் கிடையாது. போனவர் போனார், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து மணியார்டர் அனுப்பி, பையனை அனுப்பு என்று கேட்டார். பாம்பன் ஸ்டேஷனில் அம்மா என்னை ஒரு வாத்தியாரிடம் ஒப்படைத்தாள். முகவரி எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்து ஊக்குக் குத்தினாள். அம்மாச்சி ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கட்டி, அம்மாவுக்குத் தெரியாமல் என் பைக்குள் வைத்தார். "அப்பா கேட்டா அம்மா நல்லாருக்கான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத." அம்மா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்.

வாத்தியார் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். மண்டபத்தில் ஒரு குடும்பம் தகரப் பெட்டிகளோடு ஏறியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் திருச்சிக்குப் போகிறார்கள். அந்த அம்மா ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மாமியார் அங்கேயே நின்றுவிட்டாராம், இவர்கள் மட்டும் வந்திருக்கிறார்கள். அதை ஒரு தரம் சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றதும் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். ஏன் தனியாகப் போகிறாய், அப்பா ஏன் அங்கே இருக்கிறார், அம்மா ஏன் வரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. காரைக்குடி தாண்டி நான் தூங்கிவிட்டேன். திருச்சியில் அவர் இறங்கியது எனக்குத் தெரியாது. விழித்தபோது அவருடைய துண்டு என் மேல் கிடந்தது. வழியெல்லாம் கேள்வி கேட்காமல் வந்த அந்த ஒரு மனுஷியை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

எழும்பூரில் அப்பா நின்றார். ரயில் நிற்பதற்கு முன்னாலேயே பெட்டியோடு ஓடிவந்தார்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதே இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் சிரிக்காத அப்பா அங்கே சிரித்தார். சட்டி வைத்து மீன் குழம்பு வைத்தார். அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். மே மாதப் புழுக்கத்துக்கு இரண்டு பேரும் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தோம். டீசல் வாசமும் கடல் காற்றும் வரும். விடியக் கருக்கலில் எழுப்பி விடிவெள்ளியைக் காட்டினார். "இது தெரிஞ்சா நம்ம ஊர்ல வத்தைக்காரங்க கரைக்குத் திரும்புற நேரம்" என்றார். ஊரைப் பற்றி அவர் பேசியது அது ஒன்றுதான். அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கருப்பட்டியை மட்டும் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நாள் கழித்துப் பாம்பனில் வந்து இறங்கினேன். அம்மா நின்றாள். நான் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் வாங்கவில்லை. நடந்துகொண்டே கேட்டாள்.

"அங்கே என்ன சாப்பிட்டே?"

குழம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். "ஒரே காரம்" என்றேன்.

"எங்க படுத்தே?"

"தரையில."

"தரையிலயா?"

"ஆமா. கட்டில் இல்ல."

"பிடிச்சுச்சா?"

"இல்ல."

அம்மா என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்கு மட்டும் பாறை மீன் வறுத்து வைத்தாள். பக்கத்துவீட்டு அத்தையிடம் "பிள்ளையத் தரையில போட்டிருக்கான்" என்று சொன்னதைப் படுத்துக்கொண்டே கேட்டேன்.

குழம்பு காரம்தான். படுத்தது தரையில்தான். பொய் என்று பார்த்தால் கடைசியில் சொன்ன ஒரு "இல்ல" மட்டும்தான். ஆனால் மற்றதையும் அம்மாவுக்குப் பிடித்த மாதிரித் திருப்பிச் சொன்னேன். 10 வயதில் அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வீட்டில் இரண்டு பேருக்கு நடுவே வளரும் எந்தப் பிள்ளைக்கும் அது வந்துவிடும். உங்கள் மகளுக்கும் வந்திருக்கிறது.

1978 கோடையில் அப்பா மறுபடியும் பணம் அனுப்பினார். அம்மா பணத்தைத் திருப்பிவிட்டாள். நான் கதவோரம் நின்றேன். "உனக்குத்தான் அங்க பிடிக்கலையே" என்றாள். அதில் கோபமே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறதாகத்தான் அவள் நினைத்தாள். இல்லை, பிடித்தது என்று அப்போது எப்படிச் சொல்வது? போன வருடம் சொன்னதெல்லாம் என்னவாகும்? வறுத்துக் கொடுத்த மீன் என்னவாகும்? பேசாமல் நின்றேன். அதற்கடுத்த வருடம் பணம் வரவில்லை.

மறுபடி அப்பாவைப் பார்த்தது 1986இல், 19 வயதில். அதே வீடு. மூலையில் ஒரு மடக்குக் கட்டில் மடித்தபடியே சாத்தியிருந்தது. அதன் மேல் என்ஜின் சாமான்களும் பழைய துணிகளும் கிடந்தன. கேட்டதற்கு, "தரையில படுத்தது உனக்குக் கஷ்டமா இருந்துச்சுன்னு அம்மா எழுதியிருந்தா. அடுத்த வருஷம் வருவேல்லன்னு வாங்கினேன்" என்றார். மொட்டை மாடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். பிடிக்கவில்லை என்று சொன்னவள் ஏன் போகணும் என்கிறாள் என்று கேட்கிறீர்கள். தங்கச்சி, உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா? வந்து இறங்கியதுமே சொன்னாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இறங்கியதும் ஒரு பிள்ளை தானாக அதைச் சொல்லுமா? நீங்கள் என்ன கேட்டீர்கள்? எந்த முகத்தோடு கேட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்திலேயே, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று இருக்கிறது. அந்த விருப்பத்தைத் தெரிந்துகொள்ளப் பல நீதிபதிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அம்மா அப்பா இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் தங்கள் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். முகம் தெரிந்தால் பேச்சு மாறும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. நீங்கள் பெற்றவர், உங்களுக்குத் தெரிய வேண்டாமா? நீதிபதி ஒரு தரம் கேட்பார். நீங்கள் விடுமுறை முழுக்கப் போனில் கேட்பீர்கள், வந்த பிறகும் கேட்பீர்கள், தலை பின்னும்போதும் கேட்பீர்கள்.

கோபப்பட்டு எழுதுகிறேன், தெரிகிறது. என் அம்மாவிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேனோ என்னவோ. அவள் கெட்டவள் இல்லை. வலை பின்னியும் கருவாடு விற்றும் என்னைப் படிக்க வைத்தவள். நான் அங்கே சந்தோஷமாக இருந்தால் அவளுக்கு என்ன மிச்சம் என்று பயந்திருக்கிறாள். உங்களுக்கும் அந்தப் பயம்தான். ராத்திரி ரயில், வேறொரு பெண், போன் எல்லாம் அதற்கு நீங்கள் வைத்த பெயர்கள். நாலு வருடமாக ஒற்றை ஆளாக ஒரு பிள்ளையை வளர்க்கிறீர்கள். வருடத்தில் இருபது நாள் ஒருவர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பெயர் வாங்கிவிடுவார் என்று வயிறு எரிந்தால் அது நியாயம்தான். அழத் தோன்றினால் அவள் ரயிலேறிய பிறகு அழுங்கள். உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

ஒன்று செய்யுங்கள். போகும்முன் அவள் அப்பாவுக்கு ஏதாவது கொடுத்தனுப்புங்கள். நெத்திலிக் கருவாடோ, கருப்பட்டியோ, எதுவானாலும் சரி. அவருக்காகச் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்து, உங்கள் கையால் கட்டிய ஒரு பொட்டலம் அவள் பையில் இருந்தால், அங்கே போய்ச் சிரிக்கலாம் என்று அவளுக்குப் புரியும். எனக்கு வந்ததோ ஒளித்துவைத்த பொட்டலம்.

திரும்பி வரும் நாளில் ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே போய் நில்லுங்கள். இறங்கியதும் முதலில் பையை வாங்கிக்கொள்ளுங்கள். சோறு போடுங்கள், தூங்கவிடுங்கள். எதுவும் கேட்க வேண்டாம். பத்து நாளோ ஒரு மாதமோ கழித்து, நீங்கள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதோ கடையில் சில்லறை எண்ணும்போதோ, அவளாக ஏதாவது சொல்லுவாள். "அங்க ஒரு நாள்..." என்று ஆரம்பித்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமல், "சரி, அப்புறம்?" என்று கேளுங்கள்.

ரயில் டிக்கெட் இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மே முதல் வாரம் என்றால் மார்ச் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். வரும் டிக்கெட்டை அவர் போடட்டும்.

அன்புடன்,
அண்ணன்