சங்கு குளிக்கும் மச்சானின் தோள்வலி

உங்கள் மச்சான் தூத்துக்குடியில் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து டியூப் வழியாகக் காற்று வாங்கிச் சங்கு குளிக்கிறார், மாலையானால் தோள்பட்டை வலிக்கிறது, "20 வருஷமா இப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறார், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சில வருடம் அந்த வேலை செய்தவன். அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. நீரோட்டம், டியூப் மடங்குவது இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் உஷாராக இருப்பார். சுவாசிக்கும் காற்றிலிருந்து ரத்தத்தில் கரையும் நைட்ரஜன் தெரியாது, நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பதே இன்றைக்குத் துணிச்சலாகிவிடும்.

10 பாகத்தில், அதாவது சுமார் 18 மீட்டரில், அழுத்தம் மேலே உள்ளதைப்போல 2.8 மடங்கு. அங்கே மணிக்கணக்கில் இருந்துவிட்டு சட்டென்று ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலி அதனால் வரலாம். தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விழுந்துவிடும்.

வலி போக மறுபடி இறங்குவார்கள். நானும் இறங்கியிருக்கிறேன், அப்போதைக்குக் குறையும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். தயவுசெய்து அவரை அப்படி இறங்க விடாதீர்கள். இந்த வலிக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், கடலுக்கடியில் வேலை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்தபடி உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், முத்துக்குளித்த காலத்தில், குளிப்பவரை மேலே இழுக்கும் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பார்கள். நீங்களும் ஒருநாள் படகில் போய், எத்தனை தடவை, எத்தனை நிமிடம் கீழே இருந்தார் என்று எழுதி, அன்று மாலை அவரிடம் காட்டுங்கள்.