மேசை மைக்கில் குரல் பதியும்போது பின்னால் கேட்கும் இரைச்சலை எப்படிக் குறைப்பது?

கேட்டவர் சொன்னது இது: கணினிக்குப் பக்கத்தில் மேசை மைக் வைத்துப் பாட விளக்கக் காணொளிகளுக்குக் குரல் பதிகிறார். பேச்சுக்குப் பின்னால் "உஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. விலை கூடிய மைக் வாங்கினால் போகுமா, இல்லை நல்ல மென்பொருள் ஒன்று கிடைத்தால் போதுமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இதோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் இதே கேள்வியோடு ஓராண்டு அலைந்தவன் நான். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நான் கதைகளை வாசித்துப் பதிகிறவன். முதலில் வாங்கிய யூஎஸ்பி மைக்கை மானிட்டருக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரு கை நீளம் தள்ளி வைத்திருந்தேன். படங்களில் அப்படித்தான் அழகாக இருந்தது. குரல் மெலிதாக விழுந்தது; மைக் பிடிக்கும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைத் திருகி ஏற்றினேன். குரல் ஏறியது, கூடவே கணினி விசிறியும் ஏறியது, பக்கத்து அறைப் பேச்சும் ஏறியது. சரி, மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரைச்சல் நீக்கியைப் போட்டால், வாசிக்கிறவன் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிட்டது. இப்படியே பல மாதம் போனது.

எனக்குப் புரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் விஷயம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடும். 60 சென்டிமீட்டரிலிருந்து 30க்கு வந்தால் 6, அங்கிருந்து 15க்கு வந்தால் இன்னொரு 6, ஆக 12 டெசிபல். அறைக்குள் பரவிக் கிடக்கும் இரைச்சலோ மைக்கை அந்த அரை மீட்டர் நகர்த்தியதால் பெரிதாக மாறிவிடாது. குரல் கூடிவிட்டதால் கெயினை அதே 12 டெசிபல் இறக்கிவிடலாம். இறக்கும்போது இரைச்சலும் சேர்ந்து இறங்கும். அலையின் உயரத்தில் கணக்குப் பார்த்தால் அது பழைய அளவில் கால் பங்கு. ஒரு பைசா செலவில்லை, குரலின் தரமும் கெடவில்லை. எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

15 சென்டிமீட்டருக்கு அளவுகோல் தேட வேண்டாம். நடு மூன்று விரல்களை மடக்கிக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டுங்கள். அந்த அகலம் ஏறத்தாழ சரியாக இருக்கும். கட்டைவிரல் உதட்டில், சுண்டுவிரல் மைக்கில்.

இவ்வளவு நெருங்கினால் இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, "ப", "ட" போன்ற எழுத்துகளில் வாய்க்காற்று மைக்கில் மோதி "புஃப்" என்று வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டின் ஓரத்தில், 30 அல்லது 45 பாகை சாய்வாக வைத்து, உங்கள் வாயைப் பார்த்தபடி அமையுங்கள். காற்று நேராகப் போய்விடும், ஒலி மட்டும் மைக்குக்குப் போகும். வலை போட்ட காற்றுத் தடுப்பும் உதவும், ஆனால் இந்தச் சாய்வே பாதி வேலையை முடித்துவிடும். இரண்டாவது, ஒரு பக்கமாகக் கேட்கும் மைக்குகளில் நெருங்க நெருங்கக் குரலின் அடித்தொனி தடிக்கும். சிலருக்கு அதுவே பிடித்துப்போகிறது. பிடிக்காவிட்டால் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே என் மானத்தை வாங்கிய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நின்றவாக்கில் இருக்கும் மேசை மைக்குகளில் பல, உச்சியில் பேச வேண்டியவை அல்ல. பக்கவாட்டில், உற்பத்தியாளர் பெயர் பொறித்த முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவை. நான் மாதக்கணக்கில் அதன் தலையைப் பார்த்துக் குனிந்து பேசிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு அதன் பின்னால் ஒரு குமிழ் இருந்தது. அது எல்லாத் திசையையும் கேட்கும் நிலையில் நின்றிருந்தது. குறிப்புத் தாளைப் படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். உங்கள் மைக்கிலும் அப்படி ஒரு குமிழ் இருந்தால், இதய வடிவம் போட்ட குறிக்குத் திருப்புங்கள். அதைத்தான் கார்டியாய்டு என்கிறார்கள். முன்னால் இருப்பதை நன்றாகக் கேட்கும், பக்கத்தில் இருப்பதைக் குறைத்துக் கேட்கும், நேர் பின்னால் இருப்பதற்குக் கிட்டத்தட்ட செவிடு. ஆகவே இரைச்சல் போடும் பொருள் எதுவோ அது மைக்கின் முதுகுப் பக்கம் வரும்படி மேசையை அடுக்குங்கள். உங்கள் கணினி மைக்குக்குப் பக்கவாட்டில் இருந்தால் அதைப் பின்னால் தள்ளுவதே தனி முன்னேற்றம். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு வகையாக இருந்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். அதன் செவிட்டுப் புள்ளி நேர் பின்னால் இல்லை, பின்பக்கத்தின் இரு ஓரங்களில், முன்பக்கத்திலிருந்து அளந்தால் சுமார் 125 பாகையில் இருக்கிறது.

"கண்டென்சர் மைக் எல்லா இரைச்சலையும் இழுக்கும், டைனமிக் வாங்கு" என்று, மைக்கின் இரண்டு வகைகளைப் பற்றி, யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அதில் பாதிதான் உண்மை. டைனமிக் மைக்குக்கு உணர்திறன் குறைவு, அதனால் அதை வைத்திருப்பவர் வேறு வழியில்லாமல் வாயை ஒட்டிப் பேசுகிறார். இரைச்சல் குறைவது பெரும்பாலும் அந்த நெருக்கத்தால்தான். கண்டென்சரையும் அதே தூரத்தில், அதே திசையில் வைத்துக் கெயினை இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இராது.

இதையெல்லாம் செய்தும் "உஸ்ஸ்" போகவில்லை என்றால் அது எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். காற்று வழியாக வரலாம், மேசை வழியாக வரலாம், கம்பி வழியாக வரலாம். ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதற்குப் பலிக்காது.

எளிய சோதனை ஒன்று உண்டு. கெயினை மாற்றாமல், மைக்கைப் போர்வையில் சுற்றித் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி 20 விநாடி பதியுங்கள். பிறகு வழக்கமான இடத்தில், வாயைத் திறக்காமல், இன்னொரு 20 விநாடி. இரண்டையும் ஹெட்போனில் கேளுங்கள். அலமாரிக்குள் இரைச்சல் அடங்கிவிட்டால் அது காற்றிலோ மேசையிலோ இருந்து வந்தது. அங்கேயும் அதே "உஸ்ஸ்" என்றால் கம்பியில் இருக்கிறது, அல்லது மைக்குக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் அறைக்கு எத்தனை மெத்தை ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது.

கம்பி வழி வருவதற்குச் சில முகங்கள் உண்டு. "ம்ம்ம்" என்று அடியில் உறுமினால் அது மின்சாரம். உங்கள் நாட்டு மின்சாரம் எதுவோ அதைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150 அல்லது 120, 180. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறினால் கோடு கோடாகத் தெரியும். மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பதியுங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி சிக்கியாயிற்று. மைக் கம்பியும் மின்கம்பியும் ஒட்டி ஓடினால் பிரித்துப் போடுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணமாகக் கடக்கட்டும். "கீஈஈ" என்று மெல்லிய சீட்டி கேட்டால், அதுவும் 1000 ஹெர்ட்ஸில் என்றால், யூஎஸ்பியைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி தரவை விநாடிக்கு 1000 கட்டுகளாக அனுப்பும் முறை உண்டு, அந்தத் துடிப்பு மின் இணைப்பில் கசிந்தால் அதே சுருதியில் சீட்டியாகக் கேட்கும். அதிவேக யூஎஸ்பியில் அது 8000. பல பொருள்கள் தொங்கும் பொது ஹப்பிலிருந்து மைக்கைக் கழற்றிக் கணினியின் வேறொரு துளையில் நேரடியாகச் செருகினாலே பல நேரம் போய்விடும்.

கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகும் மைக்கா? அப்படியானால் "உஸ்ஸ்" வருவது மைக்கிலிருந்து இல்லாமல் கணினிக்குள் இருக்கும் ஒலிச் சில்லிலிருந்தே வரலாம். விண்டோஸ் அமைப்புகளில் மைக் பூஸ்ட் என்று ஒன்று பல கணினிகளில் இருக்கும். +20, +30 டெசிபல் என்று நிற்கும். அதைச் சுழிக்கு இறக்குங்கள். சிறிய யூஎஸ்பி ஒலி அடாப்டர் வழியாகச் செருகிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அப்படியே தானியங்கிக் கெயின் ஏதும் இயங்குகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் பேச்சை நிறுத்திய மறுகணம் இரைச்சல் பொங்கி எழுந்து, பேச ஆரம்பித்ததும் அடங்கினால் அதன் வேலைதான்.

மேசை வழியாக வருவதற்கு ஒரு மடித்த துண்டு போதும். மைக்கின் அடியில் வையுங்கள். மேசையைத் தொடாத தாங்கிக் கை இன்னும் நல்லது. அது மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரவும் உதவும் என்பதால், நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

காற்று வழி வருவதை அணைக்க முடிந்தால் அணையுங்கள்: மின்விசிறி, ஏசி, கணினியில் விசிறியை ஓடவைக்கும் வேண்டாத நிரல்கள். வெளியிலிருந்து வருவதற்குச் சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டாதீர்கள். பஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குடிக்கும். தெருச் சத்தத்தைத் தடுக்காது. தடுக்கக் கனம் வேண்டும், காற்றுப் புகாத மூடல் வேண்டும். கதவின் கீழ் இடுக்கில் துணி சொருகினால் கிடைக்கும் பலன் பஞ்சில் கிடைக்காது. பஞ்சுக்கோ போர்வைக்கோ வேறு பயன் உண்டு: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் அது எதிரொலி. அதற்குப் போர்வையை எங்கே தொங்கவிடுவது? பலர் மைக்கின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். மைக் பார்ப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் அல்லவா? முதலில் அங்கே தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலும் சரி.

இனி மென்பொருள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 5, 10 விநாடி பேசாமல், அசையாமல் இருங்கள். ஆடாசிட்டியில் அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து இரைச்சல் குறைப்பில் மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே கருவியை மறுபடி ஓட்ட வேண்டும். இது மாதிரியில் கண்ட அலைவரிசைகளை, அவை மாதிரியின் அளவுக்குக் கீழே கிடக்கும் நேரத்தில் மட்டும் அமுக்குகிறது. ஆகவே ஒரே சீராக ஓடும் விசிறி, உறுமல், "உஸ்ஸ்" ஆகியவற்றுக்குச் சரி. நாய்க் குரைப்புக்கும் ஹாரனுக்கும் கதவுச் சாத்தலுக்கும் ஒன்றும் செய்யாது. அந்த வரியைத் திரும்பப் பேசிவிடுங்கள், அதுதான் வேகமான வழி. குறைக்கும் அளவை 6 டெசிபலில் தொடங்கி 12க்கு மேல் போகாதீர்கள். எனக்குத் தண்ணீர்த் தொட்டி கிடைத்தது 30 வைத்ததால்தான்.

உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரசர் போடுகிறவராக இருந்தால் இரைச்சல் குறைப்பை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கம்ப்ரசர் போட்டுப் பதிவை உரக்க ஆக்கினால் தாழ்ந்து கிடந்த இரைச்சலும் மேலே வரும்; அதன்பின் மாதிரி எடுப்பதில் பொருளில்லை. நாய்ஸ் கேட் என்பது நீங்கள் பேசாதபோது கதவைச் சாத்தும். பேசும்போது திறக்கும், இரைச்சலும் கூடவே உள்ளே வரும். அடியில் இரைச்சல் அதிகமாக இருந்தால் அந்தத் திறப்பும் மூடலும் இரைச்சலைவிடத் தொந்தரவு. நேரலை என்றால் ஓபிஎஸ் மென்பொருளில் இருக்கும் ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கி நன்றாக வேலை செய்கிறது. பேச்சையும் இரைச்சலையும் பிரித்தறியப் பழக்கிய செயற்கை நரம்பு வலை அது, விசைப்பலகைத் தட்டலைக்கூட ஓரளவு விழுங்கும். மென்மையாகப் பேசினால் சொல்லின் கடைசி எழுத்தையும் சேர்த்து விழுங்கும், அதனால் கதை வாசிப்புக்கு நான் தொடுவதில்லை.

எவ்வளவு குறைந்தால் போதும் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமானால், ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சல் −60 டெசிபலுக்கு மேல் இருக்கக் கூடாது (பதிவின் உச்ச அளவு 0, அதற்குக் கீழே மைனஸ்) என்கிறது, குரலின் சராசரி −23க்கும் −18க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. பாடக் காணொளிக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. −50 வந்தாலே கேட்பவர்கள் இரைச்சலைக் கவனிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

மைக் மாற்றும் கேள்விக்கு இப்போது வரலாம். நெருங்கி வைத்தாயிற்று, திசை சரி, பேட்டரியில் ஓட்டியாயிற்று, வேறு துளையும் பார்த்தாயிற்று, அலமாரிக்குள்ளும் அதே "உஸ்ஸ்" என்றால், அது மைக்கின் சொந்த இரைச்சல். அப்போது மாற்றலாம். வாங்கும்போது விவரத் தாளில் சுய இரைச்சல் என்ற வரியைத் தேடுங்கள். டெசிபல்-ஏ (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப எடையிட்ட டெசிபல்) அளவில் 15க்குக் கீழ் இருந்தால் பேச்சுக்கு மிக நன்று, 20ஐத் தாண்டினால் அமைதியான அறையில் காதில் விழக்கூடும். அந்த வரியே இல்லாத யூஎஸ்பி மைக்குகள் நிறைய உண்டு, அவற்றை நான் வாங்குவதில்லை. பழைய மைக்கை எறிந்துவிடாதீர்கள்: என்னுடையது, தலையைப் பார்த்துப் பேசிக் கொடுமைப்படுத்திய அதே மைக், இன்றும் என் உதட்டோரத்தில்தான் நிற்கிறது.