சம்பளம் வேற, பாதுகாப்பு வேற

வணக்கம் அண்ணா,

வாழ்க்கைல பாதுகாப்பு கூடக் கூட மத நம்பிக்கை குறையும்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. நான் சோழிங்கநல்லூர்ல ஐடி கம்பெனில இருக்கேன். எங்க டீம்ல பதினாலு பேர், யாருக்கும் மாசம் ஒரு லட்சத்துக்கு கம்மி இல்ல. ஆனா செவ்வாக்கிழமை விரதம், பௌர்ணமி கிரிவலம், ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடக்கூட ராகு காலம் பாக்கறாங்க. எங்கப்பா கவர்ன்மென்ட் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர், பொங்கல் தீபாவளிக்கு சாமி கும்பிடுவார், அவ்ளோதான். இது உங்க வாதத்துக்கு நேர் எதிரா இல்லயா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பி,

பதில் உங்க கடிதத்துலயே இருக்கு. அப்பாவுக்கு சம்பளம் கொஞ்சம்தான், ஆனா ஒண்ணாம் தேதி வந்துடும், யாரும் திடீர்னு வீட்டுக்கு அனுப்ப முடியாது, ரிட்டயர் ஆனா பென்ஷன், அவருக்கு அப்பறம் அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன். (2003 ஏப்ரலுக்கு அப்பறம் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு சேந்தவங்களுக்கு அந்த பழைய பென்ஷனும் போயிடுச்சு.) உங்க டீம் ஆளுக்கு ஒரு லட்சம் வருது, நாளைக்கு எச்ஆர் கூப்பிட்டு பேசினா அன்னைக்கே நின்னுடும், ஈஎம்ஐ நிக்காது. ரெண்டு பேர்ல யாருக்கு ராத்திரி தூக்கம் வரும்?

நாரிஸ், இங்கிள்ஹார்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2004ல இதத்தான் விரிவா எழுதுனாங்க. கையில எவ்ளோ காசு இருக்குங்கறது இல்ல விஷயம், நாளைக்கு என்ன ஆகுமோங்கற பயம் இல்லாம ஒருத்தர் சின்ன வயசுலேருந்து வளந்தாரா இல்லயாங்கறதுதான். ஸ்வீடன்ல ஆஸ்பத்திரி செலவுக்கு வருஷத்துக்கு இவ்ளோதான்னு உச்சவரம்பு இருக்கு, கொழந்த பொறந்தா அப்பா அம்மாவுக்கு சேத்து 480 நாள் லீவு, அங்க சர்ச்ல பேர் இருக்கறவங்க ஏறக்குறைய பாதி ஜனம், ஆனா ஞாயித்துக்கிழமை போறவங்க ரொம்ப கொஞ்சம். அமெரிக்கா பணக்கார நாடு, ஆனா அங்க பலருக்கு வேலை போனா மெடிக்கல் இன்சூரன்ஸும் போகும், அதான் அங்க பக்தி ஜாஸ்தினு சொன்னாங்க. இங்க ஒண்ணு ஒத்துக்கணும், மதம் இல்லனு சொல்ற அமெரிக்கர்கள் 2007ல 16 சதவீதம், 2024 வாக்குல 29. அந்த அளவுக்கு அங்க பாதுகாப்பு ஒண்ணும் கூடிடல. அதனால இந்த வாதம் எல்லாத்தையும் விளக்கிடாது.

நம்ம ஊர்லயும் விளக்காது. பெரியம்மை வந்தா நோய்னு கூட சொல்ல மாட்டாங்க, அம்மா எறங்கியிருக்கானு சொல்லி வாசல்ல வேப்பிலை சொருகி, வீட்ல தாளிக்காம, கொழந்த பொழைக்கணும்னு மாரியம்மன்கிட்ட கெடையா கெடந்தாங்க. இந்தியாவுல அந்த நோய் 1975லயே நின்னுடுச்சு, 1980ல உலகத்துலயே இல்லனு அறிவிச்சாச்சு. பயம்தான் பக்தினா சமயபுரம் இந்நேரம் காத்தாடணும், போய் பாருங்க, மாசி பூச்சொரிதலுக்கு தட்டு தூக்கிட்டு போற கூட்டத்துல கால் வெக்க எடமில்ல. கேக்கற விஷயம்தான் மாறியிருக்கு, வேலை, கடன், கொழந்த பாக்கியம், விசா. இன்னொண்ணு, அங்க பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கா. நமக்காக ஒருத்தி சாப்பிடாம இருக்கான்னு நம்பற மனச வெறும் பயம்னு என்னால சொல்ல முடியல, அது ஒரு உறவு, சோறு தண்ணி எல்லாம் கெடைச்ச அப்பறமும் மனுஷனுக்கு அது தேவப்படும்னு நெனைக்கறேன்.

எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி ஒரு தனியார் ஆஸ்பத்திரில மொதல்ல எண்பதாயிரம் கட்டுங்கனு சொல்லிட்டாங்க. அம்மா என்கிட்ட ஒரு ரூபா காசு வாங்கி, மஞ்சத்துணி இல்லாததால என் கர்ச்சீப்லயே முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க, சமயபுரத்துக்கு. அதே மூச்சுல, "டேய், பீரோவுல துணிக்கு அடில காப்பீட்டு அட்டை இருக்கு, ஓடிப் போய் எடுத்துட்டு வா"ன்னாங்க. 2009ல ஆரம்பிச்ச அரசு காப்பீட்டுத் திட்டம்தான். விடியகாலைல அப்ரூவல் வந்த அப்பறம்தான் ஒரு வாய் காபி குடிச்சாங்க. அந்த ரெண்டுல எது பொய்னு யாராவது அம்மாகிட்ட வாதாடியிருந்தா எனக்கு கோவம் வந்திருக்கும். எனக்கு வேண்டியது, அந்த கேஷ் கவுன்ட்டர் முன்னாடி எந்த அம்மாவும் அப்படி நிக்கக் கூடாது, அது சாமிய ஒழிக்கறதுக்காக இல்ல.

உங்க டீம் ஆளுங்கள கிண்டல் பண்ணாதீங்க தம்பி. அடுத்த பௌர்ணமிக்கு நீங்களும் கூட நடந்து போங்க, பதினாலு கிலோமீட்டர், பேச நேரம் நெறைய இருக்கும். என்ன வேண்டிக்கிட்டு நடக்கறாங்கனு கேளுங்க, கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அண்ணன்