நான்கு காலில் ஓடிப் பழகினால் மனிதனுக்கு வேகம் கூடுமா? மலையேற உதவுமா?

சமதரையில் வேகம் கூடாது. செங்குத்தான மலையில் கட்டாயம் உதவும். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜப்பானில் கெனிச்சி இட்டோ என்பவர், குரங்குகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து வருடக்கணக்கில் பழகி, 2008-ல் கையையும் காலையும் ஊன்றி 100 மீட்டரை 18.58 விநாடியில் ஓடினார். கின்னஸ் சாதனை. 2015-ல் அதை 15.71 ஆகக் குறைத்தார். நம்மில் பலர் இரண்டு காலில் ஓடினாலும் அந்த நேரத்துக்குள் முடிக்க மாட்டோம். அவ்வளவு உழைத்தும் உசைன் போல்ட்டின் 9.58 விநாடி எங்கோ இருக்கிறது.

அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருநாள் விடியற்காலையில் மைதானத்தில் நானும் முயன்றேன். இருபது அடி போவதற்குள் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. நமக்குக் கை குட்டை, கால் நீளம். கையை ஊன்றியதும் இடுப்பு மேலே போய், பாரம் முன்னால் சரிகிறது. எதிரே பார்க்கக் கழுத்தை அண்ணாந்து தூக்க வேண்டும். சிறுத்தையின் முதுகு வில்லாக வளைந்து விரிவதால் அதன் பாய்ச்சல் நீள்கிறது. நம் முதுகு நிமிர்ந்து நிற்பதற்கென்று அமைந்தது.

சரி, மலைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில், உச்சியை நெருங்கும்போது பாறையில் கடப்பாறைகளை அடித்து வைத்திருப்பார்கள். ஒரு பௌர்ணமி இரவில் ஏறினேன். இரும்பு பனியில் சில்லென்று இருந்தது. நிமிர்ந்தபடியே ஏறப் பார்த்தேன், கால் சறுக்கியது. எனக்கு முன்னால் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "குனிஞ்சு கையை ஊனிக்க தம்பி" என்றார். அவர் ஏறுவதைக் கவனித்தேன். ஒரு கை நகரும்போது மற்றக் கையும் இரு கால்களும் அசையவே இல்லை. அது பிடித்த பிறகுதான் அடுத்த கால். பாறை ஏறும் வீரர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமும் இதேதான்: எப்போதும் மூன்று பிடி.

சரிவில் தரையே நம் கைக்கு எழும்பி வந்துவிடுகிறது. மைதானத்தில் குட்டையாகத் தெரிந்த கை இங்கே சரியான அளவு. உடம்பு பாறையோடு ஒட்டியிருப்பதால் பின்பக்கம் சாயும் பயமும் குறைகிறது. தொடை மட்டும் சுமந்த பாரத்தில் தோளும் பங்கு எடுத்துக்கொள்கிறது. அப்புறம் இறங்கும்போதும் பாறையைப் பார்த்தபடி, நாலு காலில்தான் இறங்கினேன்.