பழைய செஸ்னாவின் ஃபிளாப்புக்கு நம் ஊர் லேத்தில் புஷ் கடையலாமா?

கேள்வி: மதுரை கே.புதூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் 1966 மாடல் செஸ்னா 150 விமானம் வாங்கி, வெளியூர் ஹேங்கரில் வைத்துப் புதுப்பிக்கிறார். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப் ஆடுகிறதாம். தேய்ந்த ரோலர், புஷ் (துளைக்குள் உட்காரும் உறை), போல்ட் எல்லாவற்றையும் கொண்டுவந்து, இதேபோல் கடைந்து தரச் சொல்கிறார். செய்து கொடுக்கலாமா? இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?

பதில்: அந்த விமானம் பறக்கப்போகிறதா, காட்சிக்கு நிற்கப்போகிறதா என்று முதலில் கேளுங்கள். காட்சிக்கு என்றால் தாராளமாகக் கடையுங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ‘பறப்பதற்கு அல்ல’ என்று பஞ்ச் அடித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பறக்கப்போகிறது என்றால், உங்கள் பட்டறைச் சாமான் அதில் ஏறக்கூடாது.

உங்கள் வேலைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேய்ந்த புஷ்ஷை மைக்ரோமீட்டரில் அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். முதலில் எவ்வளவு இறுக்கத்தில் உட்கார்ந்தது, என்ன உலோகக் கலவை, எப்படிப் பதப்படுத்தியது, மேலே என்ன பூச்சு என்பதெல்லாம் தயாரிப்பாளரின் வரைபடத்தில்தான் இருக்கும். அலுமினியத்துக்குள் பொருத்தமில்லாத பித்தளையோ கன்மெட்டலோ போட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

போல்ட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். விமானங்களுக்கென்றே உள்ள ஏஎன்3 வகை போல்ட்டின் விட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. கடையில் கிடைப்பது 5 மி.மீ. விட்டமுள்ள எம்5. கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லையே என்று துளையைப் பெரிதாக்கினால், அந்த பிராக்கெட் அத்தோடு போயிற்று. சரியான போல்ட்டை அதற்கப்புறம் போடவே முடியாது.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் அந்த மெக்கானிசம்தான். செஸ்னா 150-க்கு மின்சார ஃபிளாப் வந்ததே 1966 மாடலில். அதற்கு முன்பு கையால் இழுக்கும் லீவர். இந்த மாடலில் மோட்டாரும், அது சுற்றும்போது ஃபிளாப்பை நகர்த்தும் திருகு ஆக்சுவேட்டரும் வலது இறக்கைக்குள் மட்டும் இருக்கின்றன. இடது ஃபிளாப்புக்கு அந்த இயக்கம் கேபிள் வழியாகத்தான் போகிறது. நடுவில் ஏதாவது கழன்றால் ஒரு ஃபிளாப் இறங்கி நிற்கும், மற்றது நிற்காது. விமானம் ஒரு பக்கமாகச் சாயும். ஃபிளாப் போடுவது பெரும்பாலும் தரையிறங்கும்போது. உயரம் குறைவு, வேகமும் குறைவு. சமாளிக்க விமானிக்கு நேரம் மிகக் குறைவு.

அடுத்து, ஆட்டம் ரோலரில்தான் என்று எப்படி முடிவு செய்தார்கள்? ரோலர் ஓடும் டிராக்கின் பள்ளம் அகன்றிருக்கலாம். அப்படியிருந்தால் புது ரோலர் போட்டும் ஆடும். புஷ்ராடு (தள்ளும் தண்டு) முனை பேரிங், பெல்கிராங்க் (இயக்கத்தின் திசையைத் திருப்பும் கை) போல்ட் துளை, கேபிள் தளர்ச்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கேபிளைத் துணியால் பிடித்து நெடுக இழுத்தால், அறுந்த இழை இருக்குமிடத்தில் துணி மாட்டும். வெறும் கையால் இதைச் செய்யக்கூடாது. கேபிள் இறுக்கத்தை டென்சியோமீட்டரில் அளக்கும்போது வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சித்திரை வெயிலில் கேபிள் தானாகவே இறுகியிருக்கும். அந்த நேரத்து அளவை மட்டும் நம்பி சரிசெய்தால், குளிர்ந்தபின் தளர்ந்துவிடும்.

வாங்கும் வழிக்கு வருவோம். விமானத்தின் சீரியல் எண்ணை வைத்துக்கொண்டு, அந்த மாடலுக்கான பாகப் பட்டியலில் பாக எண்ணை எடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றல்ல. 150-இன் ஃபிளாப் 40 டிகிரி இறங்கும், பின்னால் வந்த 152-இல் 30 டிகிரிதான். செஸ்னாவின் அசல் பாகங்கள் டெக்ஸ்ட்ரான் ஏவியேஷன் வழியாக வரும். அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள மெக்ஃபார்லேன் நிறுவனம், அந்நாட்டு விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் பிஎம்ஏ (மாற்றுப் பாகம் செய்யும் அனுமதி) ஒப்புதலோடு செஸ்னா கேபிள்களும் ஃபிளாப் ரோலர்களும் செய்கிறது. பழைய விமானங்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

பாகத்தோடு, அது பறக்கத் தகுந்தது என்று சான்று தரும் எஃப்ஏஏ 8130-3 படிவம் வர வேண்டும். போல்ட், நட் போன்றவற்றுக்குத் தரச்சான்று போதும். உடைத்த விமானத்திலிருந்து எடுத்த ஆக்சுவேட்டர் மலிவாகக் கிடைக்கும். ‘கழற்றும்போது ஓடியது’ என்ற சீட்டை மட்டும் நம்பி அதை வாங்க வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பட்டறை பிரித்துச் சோதித்துச் சான்று தந்திருந்தால் யோசிக்கலாம்.

உரிமையாளரே பாகம் செய்துகொள்ளலாம் என்று உங்கள் வாடிக்கையாளர் சொல்லக்கூடும். அது அமெரிக்கப் பதிவு விமானங்களுக்கான விதி. விடி என்று தொடங்கும் நம் பதிவுக்கு, இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிதான். விமானப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான சிஏஆர்-145 ஒப்புதல் பெற்ற நிறுவனம், ஒப்புதல் பெற்ற வரைபடப்படி, தன் கூரைக்குள் நடக்கும் வேலைக்காகச் சில பாகங்களைச் செய்துகொள்ளலாம். வெளிப் பட்டறை செய்து விற்பதற்கு அது அனுமதியல்ல.

உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. புஷ் பிடுங்கும் புல்லர், கழற்றிய ஃபிளாப்பைச் சாயாமல் வைக்கும் ஸ்டாண்டு, கோணம் பார்க்கும் கருவியை ஃபிளாப் மேல் உட்கார வைக்கும் பிடி போன்றவற்றை நேர்த்தியாகச் செய்து தர ஆள் கிடைப்பதில்லை. அவற்றுக்கு விலை பேசுங்கள்.

அவர் கொண்டுவந்த பழைய சாமான்களைத் துடைக்கவோ பாலிஷ் போடவோ வேண்டாம். எந்த இறக்கை, எந்த இடம் என்று அவரையே எழுதச் சொல்லி, தனித்தனிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ரோலரைப் பார்த்தாலே, டிராக் கோணலா, கேபிள் இழுக்கிறதா என்று பராமரிப்புப் பொறியாளர் தேடத் தொடங்கிவிடுவார்.