2019 புரூனெல்லோ பழைய சரக்கா?

2019 என்று அச்சிட்ட புரூனெல்லோ தி மொந்தால்சினோவை (இத்தாலியின் மொந்தால்சினோ ஊர்ச் சிவப்பு ஒயின்) 2024 பிப்ரவரியில் 'புதுவரவு' என்று விற்றார்கள், ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, கடைக்காரர் சொன்னது சரிதான். 2019 என்பது திராட்சை அறுவடையான ஆண்டு. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்னால், அதாவது 2019க்கு 2024 ஜனவரி 1க்கு முன்னால், இந்த ஒயினை விற்கவே கூடாது. ரிசர்வா (கூடுதல் காலம் முதிரவைக்கும் வகை) என்றால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ரிசர்வா அல்லாத புரூனெல்லோ விற்பனைக்கு வருமுன் குறைந்தது 2 ஆண்டு மரப்பீப்பாயிலும் 4 மாதம் பாட்டிலிலும் இருந்தாக வேண்டும். திராட்சையும் சஞ்சோவேசே என்ற ஒரே வகை மட்டும்தான். வேறெதுவும் கலக்கக் கூடாது. பொறுமையைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது.

சந்தேகம் தீர, பாட்டில் கழுத்தில் எண்ணிட்ட இத்தாலிய அரசு முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதே குடிக்க ஆசையென்றால் சீக்கிரமே விற்பனைக்கு வரும் ரோஸ்ஸோ தி மொந்தால்சினோ என்ற ஒயினை வாங்குங்கள். அதே ஊர், அதே திராட்சை, விலையும் குறைவு. 2019ஐ வெயில் படாத இடத்தில் படுக்கவைத்துவிடுங்கள்.