ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட மன்னர் இரண்டாம் லுட்விக்கிடமிருந்து ஆட்சி ஏன் பறிக்கப்பட்டது?

கோட்டை கட்டி அரசு கஜானாவைக் காலி செய்ததால்தான் என்று பலரும் சொல்வது தவறு. நொய்ஷ்வான்ஸ்டைன், லிண்டர்ஹோஃப், ஹெரன்கீம்சே ஆகிய மூன்று மாளிகைகளையும் அவர் மன்னர் என்ற முறையில் தனக்குக் கிடைத்த மானியத்திலும் கடனிலும்தான் கட்டினார். 1886-க்குள் கடன் சுமார் 1.4 கோடி மார்க்கைத் தொட்டது. அப்போதும் வேலையை நிறுத்தாமல் மேலும் கடன் தேடினார். அமைச்சர்களையே மாற்றிவிடப் பார்த்தார். அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

மனநல மருத்துவர் குடன் தலைமையில் நால்வர், மன்னரை நேரில் பரிசோதிக்காமலேயே, பணியாளர்களின் வாக்குமூலங்களை வைத்து அவரைப் பைத்தியம் என்று சான்றளித்தார்கள். எனக்கு இது மருத்துவமாகப் படவில்லை, அரசியலாகவே படுகிறது. மன்னரின் சித்தப்பா லூயிட்போல்ட் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மன்னர் பட்டம் மட்டும் லுட்விக்கிடமே இருந்தது. 1886 ஜூன் 12 அன்று அவரை பெர்க் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாலை ஸ்டார்ன்பெர்க் ஏரியில் அவரும் குடனும் பிணமாகக் கிடந்தார்கள். எப்படி இறந்தார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை.